பொட்டு வைத்த தண்டவாளம்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் காண்ட்ராக்ட் எலக்ட்ரீசியனாக இருந்த நாட்களில், என் கல்யாணம் நடக்குமா நடக்காதா என்பது ஒரு பொம்மை ரயிலின் கையில் இருந்தது. இதைக் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு குடித்திருக்கிறேனா என்று மோந்து பார்ப்பார்கள். குடிக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

எங்கள் ஆலையில் குழாய் இணைப்புகள் செய்தார்கள். வளைவு, டீ, ஃபிளேஞ்ச் என்று தண்ணீரும் எண்ணெயும் ஓடும் குழாய்களுக்கு என்னென்ன மூட்டு வேண்டுமோ அத்தனையும். முதலாளி ஆர்.கே.பேட்டைப் பக்கத்துக்காரர். லேத் பட்டறையில் எடுபிடியாக இருந்து மேலே வந்தவர் என்பதால், வெள்ளைச் சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு டெஸ்டர் செருகியிருக்கும். மீட்டிங்கிலும் இருக்கும், கல்யாண வீட்டிலும் இருக்கும். எங்கே எது ஓடவில்லை என்றாலும் முதலில் அவரே டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிடுவார். நான் போய்ச் சேர்ந்ததும், "கரெண்டு வந்துச்சி நைனா, நீதான் வரல" என்பார்.

ஒருமுறை மெஷின் பார்க்க ஜெர்மனிக்குப் போனார். மெஷின் கட்டுப்படியாகவில்லை. அவ்வளவு தூரம் போய் வெறுங்கையோடு திரும்ப மனசில்லாமல் ஒரு ரயிலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். கறுப்பு இன்ஜின் முழங்கை நீளம், பின்னால் சிவப்புப் பெட்டிகள், பித்தளைத் தண்டவாளம். தோட்டத்தில் வெயிலிலும் மழையிலும் கிடக்கவே செய்த ரயில் என்று அட்டைப் பெட்டியில் படம் போட்டிருந்தது. அந்த ஊர் வெயிலையும் அந்த ஊர் மழையையும் மனதில் வைத்துச் செய்திருப்பார்கள். கும்மிடிப்பூண்டி என்று ஓர் ஊர் இருப்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

கேட்டுக்கும் ஆபீசுக்கும் நடுவில் இருந்த புல்வெளியைச் சுற்றி ஜல்லி பரப்பித் தண்டவாளத்தைப் போட்டோம். ஆபீஸ் வாசலில் ஒரு சின்னக் கரெண்டுப் பெட்டி. அது வீட்டுக் கரெண்டைப் பதினெட்டு வோல்ட்டாக இறக்கி, ஒரு தண்டவாளத்துக்கு பிளஸ், இன்னொன்றுக்கு மைனஸ் என்று கொடுக்கும். இன்ஜினின் சக்கரம் இரண்டிலும் பட்டுக் கரெண்டை எடுத்துக்கொண்டு ஓடும். தண்டவாளம் சின்னச் சின்னத் துண்டுகள். ஒரு துண்டை அடுத்த துண்டோடு சேர்ப்பது விரல்நுனி அளவிலான ஒரு பித்தளைக் கிளிப். ஆபீஸ் வாசலில் ஏறுகிற கரெண்டு இந்தக் கிளிப்புகளில் கைமாறிக் கைமாறித்தான் கேட் வரைக்கும் போய்ச் சேர வேண்டும். வழியில் நாலைந்து கிளிப் முரண்டு பிடித்தால் கேட் பக்கம் போன ரயில் அங்கேயே நின்றுவிடும்.

வெளியில் கிடக்கிற தண்டவாளத்துக்கு எதிரிகள் அதிகம். பக்கத்து இரும்பு ஆலைகளின் புகை ராத்திரியெல்லாம் இறங்கி, காலையில் தண்டவாளம் கறுத்துப் போயிருக்கும். எறும்பு கிளிப்புக்குள் மண்ணைக் கொண்டுபோய் அடைக்கும். நத்தை ஒன்று தண்டவாளத்தின் மேலேயே ஊர்ந்து போய் பளபளவென்று கோடு போட்டு வைக்கும், அந்தக் கோட்டில் இன்ஜின் திக்கித் திணறும். காலையில் வந்ததும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு குந்தியபடியே புல்வெளியைச் சுற்றித் தண்டவாளம் துடைப்பது என் வேலையாகிவிட்டது. ஐடிஐயில் இதைச் சொல்லித் தரவில்லை.

இந்த நிலையில் வடக்கிலிருந்து பெரிய வாடிக்கையாளர்கள் தீபாவளிக்கு முன்னால் ஆலையைப் பார்க்க வருகிறார்கள் என்று முடிவானது. அவர்கள் புல்வெளியில் டீ குடிக்கும்போது ரயில் சுற்றிச் சுற்றி வர வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை. கேட் பக்கம் நின்றபடி என்னிடம் சொன்னார்:

"நிக்காம ஓடணும் நைனா. ஓடிச்சின்னா உன்ன பர்மனென்ட் பண்ணிட்றேன். தீபாவளிக்குள்ள ஆர்டரு உன் கையில."

அதை என்னைவிடக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் அக்கா.

அக்கா எங்கள் ஹவுஸ்கீப்பிங்கைப் பார்த்துக்கொண்டவர். ஆலைக்கு அஸ்திவாரம் தோண்டும்போது சித்தாளாக வந்தவர், கட்டடம் முடிந்த பிறகும் போகாமல் துடைப்பத்தோடு உள்ளேயே நின்றுவிட்டார். அவர் கூட்டிவிட்டுப் போன இடத்தில் சூபர்வைசர்கள் சுற்றிக்கொண்டு போவார்கள். முதலாளியே அவரிடம் பேசும்போது குரலைக் கொஞ்சம் இறக்கிக்கொள்வார். அவருக்கு ஒரு பெண். பக்கத்து ஆலையில் மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடுக்கும் வேலை. நான் பொன்னேரியில் லோக்கல் ஏறுவேன், அம்மாவும் பெண்ணும் கவரப்பேட்டையில் ஏறுவார்கள். அம்மா லேடீஸ் பெட்டியில் ஏறுவார். பெண்ணுக்குப் பல நாள் அந்தப் பெட்டிக்கு ஓட நேரம் கிடைக்காது, நான் இருக்கிற பெட்டியில் ஏறிவிடுவாள். கவரப்பேட்டைக்கு அடுத்த ஸ்டேஷனே கும்மிடிப்பூண்டி. நாங்கள் பேசிப் பழகியதெல்லாம் அந்த ஒரு ஓட்டத்துக்குள்தான். லோக்கல் சிக்னலில் நின்றால் வண்டி முழுக்கத் திட்டும், நான் மட்டும் சந்தோஷப்படுவேன்.

ஆலையில் எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டோம். எனக்கு அதில் ஒரு சௌகரியம் இருந்தது. அக்கா மகள் கட்டிக்கொள்கிற முறை. வாய் தவறி அம்மா என்று கூப்பிட்டுவிட்டால் அவள் தங்கச்சியாகிவிடுவாள் என்று ஜாக்கிரதையாக இருந்தேன். ஒருநாள் கேண்டீன் பின்னால் நின்று, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அக்கா கையிலிருந்த பக்கெட்டைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"பொண்ணுக்கு இஷ்டமா?"

"இஷ்டந்தான்க்கா."

"அது செரி. காண்ட்ராக்டுல கீறவனுக்குப் பொண்ணு குடுக்கறதா இல்ல. இன்னிக்கு உள்ள விடுவான், நாளைக்கு வராதன்னுவான். பர்மெண்டு ஆயிக்கினு வா, அப்பறம் பேசலாம்."

அவருடைய வீட்டுக்காரர் வேறொரு ஆலையில் காண்ட்ராக்டில் தகடு அடிக்கிற பிரஸ் மெஷின் ஓட்டியவர். பிரஸ்ஸில் விரல்கள் போனதும் கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில்தான் இருக்கிறார். அக்கா சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்குத்தான் பேஜார்.

ஆனாலும் நம்பிக்கையோடுதான் இருந்தேன். புகையையும் எறும்பையும் சமாளித்துவிட்டேன், ரயில் அழகாக ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் ஆயுத பூஜை வந்தது.

எங்கள் ஆலையில் ஆயுத பூஜை என்றால் அக்காவின் ராஜ்யம். முதல் நாளே மெஷின்களையெல்லாம் கழுவித் துடைத்து, வாழைக்கன்று கட்டி, பெரிய சட்டியில் சந்தனம் கரைப்பார். பன்னீர் விட்டு, தோசை மாவு பதத்தில். அதோடு அவருக்கென்று ஒரு கணக்கு உண்டு. மெஷினுக்கு ஒரு பொட்டு என்று மற்ற ஆலைகளில் வைப்பார்கள். அக்கா மூட்டுக்கு ஒரு பொட்டு வைப்பார். இரும்பும் இரும்பும் எங்கே சேருகிறதோ அங்கேதான் ஆபத்து, அங்கேதான் சாமி வேண்டும் என்பது அவருடைய கட்சி. குழாய் மூட்டு செய்கிற ஆலையில் இந்தக் கொள்கையை வைத்துக்கொண்டால் எவ்வளவு சந்தனம் செலவாகும் என்று நினைத்துப் பாருங்கள். அன்றைக்கு நான் சப்ஸ்டேஷன் பூஜையில் மாட்டிக்கொண்டிருந்தேன். வெளியே வந்து பார்த்தால் புல்வெளியைச் சுற்றி ஒவ்வொரு கிளிப்பின் மேலும் சந்தனம், நடுவில் குங்குமம். தண்டவாளம் கல்யாணப் பெண் போல இருந்தது.

அதோடு விட்டார்களா? லாரிக்கும் காருக்கும் எலுமிச்சம்பழம் நசுக்கினால் ரயிலுக்கு வேண்டாமா என்று முதலாளிக்குத் தோன்றிவிட்டது. இன்ஜினுக்கு முன்னால் பழம் வைத்தார்கள். இன்ஜின் பழத்தை மோதியது, ஏறப் பார்த்தது, அப்புறம் பக்கவாட்டில் சாய்ந்து ஜல்லியில் படுத்துவிட்டது. எல்லோரும் முதலாளியின் முகத்தைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்தோம். அக்கா குனிந்து பழத்தைத் தண்டவாளத்தின் மேலேயே கட்டைவிரலால் அழுத்திப் பிழிந்து, "நசுங்கிடுச்சி, வண்டிய நிமித்தி வுடு" என்றார். பூஜை நல்லபடியாக முடிந்தது. பொரியும் சுண்டலும் சாப்பிட்டோம்.

லீவு முடிந்து வந்து ரயிலை விட்டால், ஆபீஸ் வாசலில் ஜோராகக் கிளம்பி, பாதி வழியில் சோர்ந்து, கேட் பக்கம் போய் நின்றுவிட்டது. கையால் தள்ளினால் கொஞ்சம் முனகும், மறுபடி நிற்கும். தண்டவாளத்தைத் துடைத்தேன். சக்கரத்தைத் துடைத்தேன். மீட்டரை எடுத்துக்கொண்டுபோய் கேட் பக்கம் இரண்டு தண்டவாளத்திலும் வைத்தேன். பதினெட்டு வோல்ட் சொளையாகக் காட்டியது. ரயிலை வைத்தேன், நகரவில்லை. ரயிலை எடுத்துவிட்டு மீட்டரை வைத்தேன், பதினெட்டு. மீட்டர் ஒன்று சொல்ல ரயில் ஒன்று சொல்ல, நடுவில் நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

முதலாளி வந்தார். நேராகக் குனிந்து தண்டவாளத்தில் டெஸ்டரை வைத்தார். எரியவில்லை.

"கரெண்டே வரலியே நைனா."

"சார், அது பதினெட்டு வோல்ட்டு. டெஸ்டர் எரியாது."

"நல்லா ஓடினப்ப எரிஞ்சிதா?"

"அப்பவும் எரியாது சார்."

அவர் டெஸ்டரை வெயிலில் தூக்கிப் பார்த்தார், என்னையும் ஒருமுறை பார்த்தார். இரண்டில் எது ரிப்பேர் என்று யோசிக்கிறார் போலிருந்தது. "தீபாவளி வந்துக்கினே கீது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ரெண்டு நாள் அந்த மீட்டரை நம்பிக் கெட்டேன். அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. மீட்டர் கரெண்டை இழுப்பதில்லை, சும்மா மோந்து பார்க்கிறது. மூட்டு எவ்வளவு அழுக்காக இருந்தாலும் மோந்து பார்க்கிற அளவுக்குக் கரெண்டு கசிந்து வந்துவிடும். ரயில் அப்படியில்லை, வயிறார இழுக்கும். இழுக்கும்போதுதான் மூட்டின் வண்டவாளம் தெரியும். அதனால் கரெண்டை இழுக்கிற ஏதாவது ஒரு லோடு கொடுத்துப் பார்க்க வேண்டும். கேட்டில் நின்ற லாரி டிரைவரிடம் கெஞ்சி ஒரு பழைய ஹெட்லைட் பல்பு வாங்கி, இரண்டு ஒயர் பற்றவைத்து, ஆபீஸ் வாசலிலிருந்து தண்டவாளத்தில் வைத்து வைத்துக் கேட்டை நோக்கிப் போனேன். வாசலில் பளிச்சென்று எரிந்தது. ஒரு பொட்டைத் தாண்டியதும் கொஞ்சம் மங்கியது. இன்னொரு பொட்டைத் தாண்டியதும் இன்னும் கொஞ்சம். கேட்டுக்குப் போகும்போது பல்புக்குள் ஒரு சிவப்பு நூல்தான் தெரிந்தது. சந்தனக் கரைசல் கிளிப்புக்குள் இறங்கி, கூட எலுமிச்சம்பழச் சாறும் சேர்ந்து, காய்ந்து இறுகிவிட்டிருந்தது. கண்டுபிடித்த சந்தோஷம் வந்த வேகத்திலேயே போய்விட்டது. கோளாறைச் செய்தவர் என் மாமியாராக வர வேண்டியவர்.

சரிசெய்வது சுலபம். கிளிப்பைக் கழற்றி, சந்தனத்தைக் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டினால் போதும். முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"பூஜ போட்ட பொட்ட அழிக்கறியா? அந்தம்மாகிட்ட யாரு வாங்கிக் கட்டிக்கறது? நான் வர மாட்டேன்பா. நீயே கேட்டுக்கோ."

கேட்டேன். அக்கா கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்படவில்லை.

"என் ஊட்டுக்காரரு வேல பாத்த எடத்துல, பூஜ முடிஞ்ச மறுநாளே எவனோ பிரஸ்ஸுல பொட்டத் தொடச்சிட்டான். அழுக்கா கீதாம். அன்னிக்கு சாயங்காலந்தான் அது வெரல எட்துச்சி." துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார். அப்புறம், "தானா அழிஞ்சா அது சாமி எடுத்துக்கினதா அர்த்தம். நாமளா அழிக்கக் கூடாதுபா" என்றார்.

பிரஸ் விரலை எடுத்தது கை உள்ளே போகாமல் தடுக்கிற கார்டு கம்பி போடாததால், பொட்டு இல்லாததால் இல்லை என்று எனக்குத் தெரியும். அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் நான் மனுஷனே இல்லை என்று தோன்றியது.

ஆனால் என் நிலைமையையும் பாருங்கள். பொட்டை அழித்தால் அக்கா பெண் கொடுக்க மாட்டார். அழிக்காவிட்டால் ரயில் ஓடாது. ரயில் ஓடாவிட்டால் பர்மனென்ட் இல்லை. பர்மனென்ட் இல்லாவிட்டாலும் அக்கா பெண் கொடுக்க மாட்டார். எப்படிச் சுற்றினாலும் புல்வெளி ரயில் மாதிரி அதே இடத்துக்கு வந்து நின்றேன். ஒருநாள் காலையில் மனசு கேட்காமல், ஒரேயொரு மூட்டை மட்டும் பார்க்கலாம் என்று ஈரத்துணியோடு குந்தினேன். துணி பொட்டின்மேல் படப் போகிற சமயம், பின்னால் துடைப்பத்தைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"இன்னா பண்ற?"

"நத்தக்கா. நத்தை ஊர்ந்துருக்கு."

"எங்க காட்டு."

காட்டுவதற்கு நத்தை இல்லை. மற்ற நாளெல்லாம் தண்டவாளத்தில் குடியிருக்கிற நத்தைகளில் ஒன்றுகூட அன்றைக்கு வேலைக்கு வரவில்லை. எழுந்து போய்விட்டேன்.

அன்று சாயங்காலம் லோக்கலில் அக்கா மகளிடம் சொன்னேன். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"எங்கம்மாவுக்கு நத்தை கதையா வுட்ட? மழ வந்தா தானா கரைஞ்சிடும், வுடு."

தானாக அழிந்தால் சரி என்று அக்காவே சொல்லியிருக்கிறாரே. அன்றிலிருந்து நான் வானத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். பழவேற்காட்டுப் பக்கம் மேகம் கறுத்தால் எனக்கு முகம் மலர்ந்துவிடும். துணி காயப்போட்டவர்களும் நெல்லைக் களத்தில் கொட்டியவர்களும் கவலைப்பட, மழை வா வா என்று வேண்டிக்கொண்ட ஒரே எலக்ட்ரீசியன் அந்தத் தாலுகாவிலேயே நானாகத்தான் இருப்பேன். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் கொட்டு கொட்டென்று கொட்டியது. பொட்டெல்லாம் கரைந்து ஜல்லியில் ஓடியது. நனைந்துகொண்டே நின்று பார்த்தேன், அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. உப்புத்தாளை எடுத்துக்கொண்டு சீக்கிரமே வந்தேன். எனக்கு முன்னால் அக்கா வந்திருந்தார். எல்லா மூட்டிலும் புதுச் சந்தனம், போன தடவையைவிடத் தாராளமாக, மஞ்சளும் சேர்த்து.

"அத்தினியும் கரைஞ்சிப் போச்சிபா, பாக்கவே மனசு கஷ்டமாயிடுச்சி" என்றார். "அதான் கெட்டியா வெச்சிட்டேன். இனிமே போவாது."

நான் நேராகக் கேண்டீனுக்குப் போய் ஒரு டீ சொன்னேன். இனி அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கேண்டீன் சுவரை ஒட்டி உலைக்கு எண்ணெய் போகிற குழாய் ஓடுகிறது. டீயைக் குடித்துக்கொண்டே அதைப் பார்த்தபடி இருந்தேன். குழாயின் ஒவ்வொரு ஃபிளேஞ்ச் மூட்டிலும் அக்காவின் பொட்டு இருந்தது. பொட்டுக்குப் பக்கத்தில், மூட்டின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஒரு செம்புப் பட்டை போல்ட்டில் முறுக்கியிருந்தது. எர்த்துக்காகப் போட்டது. மூட்டின் நடுவில் கசிவை அடைக்கிற கேஸ்கெட் இருந்தாலும் துரு இருந்தாலும் கரெண்டு அந்தப் பட்டை வழியாகத் தாண்டிப் போய்விடும். அந்தப் பட்டைகளைப் போட்டவனே நான்தான். மூட்டை எதற்குக் கழற்ற வேண்டும்? மூட்டைத் தாண்டி ஒரு ஒயர் போட்டால் போதாதா? பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன்.

சொல்ல எளிது. பித்தளை சூட்டைக் குடித்துக்கொண்டே இருக்கும்; சின்ன சால்டரிங் அயர்ன் வைத்தால் ஈயம் பிடிக்காது. ஒர்க்ஷாப்பிலிருந்த பெரிய அயர்னைக் கொண்டுவந்தேன். பொட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு விரல் தள்ளி, அந்தப் பக்கம் ஒரு விரல் தள்ளி, தண்டவாளத்தின் வெளிப்பக்க அடியில் சுரண்டி, சின்னச் செம்பு ஒயரை வளைத்துப் பற்றவைக்க வேண்டும். சூடு அதிகமானால் சந்தனம் உதிர்ந்துவிடும். உதிர்ந்தால் நானே அழித்ததாகிவிடும் என்பதால், பொட்டின்மேல் ஈரப் பஞ்சு வைத்துச் சூடு ஏறாமல் பார்த்துக்கொண்டேன். பச்சைக் குழந்தையின் நெற்றியில்கூட நான் அவ்வளவு பதமாகக் கை வைத்தது கிடையாது. முதல் நாள் முழுக்க அக்கா துடைப்பத்தோடு எதிரில் நின்றார்.

"அது இன்னா ஒயரு?"

"பொட்டு மேல கரெண்டு போவாம, சுத்திப் போறதுக்குக்கா."

"பொட்டுக்கு ஒண்ணும் ஆவாதே?"

"ஆவாதுக்கா."

இரண்டாம் நாள் தூறல் போட்டது. அக்கா ஒரு குடையை எடுத்துவந்து பிடித்தார். எனக்கு நெகிழ்ந்துவிட்டது, மருமகன் ஆவதற்கு முன்னாலேயே இப்படி என்றால் அப்புறம் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்தால் குடை முழுக்கப் பொட்டின்மேல் இருந்தது, நான் தொப்பலாக நனைந்துகொண்டிருந்தேன். மின்சார அயர்னை மழையில் பிடிக்கக் கூடாது என்ற புத்தி அப்போதுதான் வந்தது. ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன். ஒருவழியாகச் சுற்று முழுவதும் முடிந்தபோது கையெல்லாம் ஈயக் கொப்புளம். லாரி பல்பை எடுத்துக்கொண்டுபோய்க் கேட் பக்கம் வைத்தேன். ஆபீஸ் வாசலில் எரிந்த அதே வெளிச்சம்.

வாடிக்கையாளர்கள் வந்த நாளில் வானம் மூட்டமாக இருந்தாலும் மழை இல்லை. புல்வெளியில் நாற்காலி போட்டு டீ கொடுத்தார்கள். பெண்ணின் பெயரை மனசுக்குள் சொல்லிக்கொண்டு சுவிட்சைத் திருகினேன். ரயில் கிளம்பியது. கேட் பக்கம் நெருங்கியது. தயங்காமல் வளைந்து திரும்பி வந்தது. மறுபடி போனது, மறுபடி வந்தது. வந்தவர்களில் ஒருவர் டீயை மறந்துவிட்டு அதன் பின்னாலேயே நடந்தார். தண்டவாளத்தில் வரிசையாக இருந்த சந்தனப் பொட்டுகளைப் பார்த்து இன்னொருவர் இந்தியில் ஏதோ சொல்லிக் கைகூப்பினார். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை.

அவர்களைக் காரில் ஏற்றிவிட்டுத் திரும்பியவர் நேராக என்னிடம் வந்து தோளில் தட்டினார்.

"பிரமாதம் நைனா. இத்தோட நிறுத்தக் கூடாது. கேண்டீன் வரிக்கும் இன்னொரு லைனு போட்றோம். நடுவுல ஒரு பாலம். அதுவும் இந்த மாரி ஓடட்டும், அப்பறம் உன் ஆர்டரப் பத்திப் பாக்கலாம்."

சரி சார் என்று சொன்னேனா, தலையை மட்டும் ஆட்டினேனா, நினைவில்லை. கேண்டீன் வரைக்கும் லைன், அப்புறம் பாலம், அப்புறம் ஒரு குகை என்று தீபாவளிகள் போய்க்கொண்டே இருக்கும், அவளை வேறு ஒரு பர்மனென்ட் ஆளுக்குக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள் என்று மட்டும் தெரிந்தது. கேட்கலாம், சொன்னீங்களே சார் என்று ஒரு வார்த்தை கேட்கலாம். கேட்டால் நாளைக்கு வராதே என்பார். காண்ட்ராக்டில் இருப்பவனுக்குக் கோபம் வந்தாலும் வாய் வராது.

அக்கா டீ டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். தட்டை நாற்காலியின்மேல் வைத்தார். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு முதலாளிக்கு எதிரில் வந்து நின்றார்.

"மொதலாளி, என் மருமவனுக்கு ஆர்டரு இன்னிக்கே போட்டுக் குட்துடுங்க. ஊட்ல நாள் பாக்கணும்."

முதலாளி சுற்றுமுற்றும் பார்த்தார். "மருமவனா? யாரும்மா உன் மருமவன்?"

அக்கா என்னைக் காட்டினார்.

"இவனா? எப்பலேந்து?"

"இப்பலேந்துதான்" என்றார் அக்கா. "நீங்க ஓடினா ஆர்டருன்னு சொன்னப்ப நான் இங்கதான் நின்னுக்கினு இருந்தேன்."

முதலாளி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கொஞ்ச நேரம் ரயிலையும் பார்த்தார். அக்காவிடம் அவர் எந்த விஷயத்திலும் ஜெயித்து நான் பார்த்ததில்லை. "ஆபீசுக்கு வா நைனா" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

நான் அக்கா பக்கம் திரும்பினேன். பர்மனென்ட் ஆனால்தான் பேச்சு என்று சொன்னவர், எனக்காகப் பேச்சை முதலில் முடித்துவிட்டார். முதலாளி மாட்டேன் என்று சொல்லியிருந்தால், காண்ட்ராக்டில் இருப்பவனுக்கு நாலு பேர் எதிரில் பெண் கொடுத்தவராக நின்றிருப்பார். அது அவருக்கு எவ்வளவு பயமான காரியம் என்று எனக்குத் தெரியும். ஏதாவது சொல்ல வேண்டுமென்று வாயைத் திறந்தேன். அவர் அதற்குள் தட்டை எடுத்துக்கொண்டுவிட்டார்.

"நீ இதெல்லாம் நம்பறவன் கெடையாதுன்னு எனுக்குத் தெரியும்" என்றார். "அப்பிடியும் ஒரு பொட்ட நீ அழிக்கல. என் பொண்ணுக்கு அது போதும். போ, அவரு மனசு மாறதுக்குள்ள கையெழுத்து வாங்கு."

கண் கலங்கியது முதலாளிக்குத் தெரியக் கூடாது என்று முகத்தைத் துடைத்துக்கொண்டே ஆபீசுக்கு ஓடினேன்.